ரிலேக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ஒயர்

இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து புகை கிளம்பியபோது நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அன்று காலை பாசிர் பெனம்பாங் போய் வாங்கி வந்த கெம்போங் மீன். முன்கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டு நின்று, மேட்டில் ஏற முடியாத லோரி உறுமுவது போல ஒரு சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே பிதுங்கி நின்றது. அதன் நடுவிலிருந்து வெள்ளையாகப் புகை. என் கணவர் ஆம்ப்ளிபயர் முன்னால் குந்திக்கொண்டு, சத்தக் குமிழை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தார்.

"சுவிட்ச அணைங்க!" என்று கத்தினேன். எந்த சுவிட்ச் என்று அவர் யோசிப்பதற்குள், ஈரக் கையை மடக்கிக்கொண்டு முழங்கையால் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டேன். உறுமல் நின்றது. வீடு முழுக்கக் கருகல் நாற்றம்.

"கடையில செஞ்சி இன்னும் ஒரு மாசங்கூட ஆகல" என்றார். அவருக்குக் கடைக்காரர் மேல் வருத்தமே இல்லை. பெட்டி மேல்தான் வருத்தம். "பழசு லா. ஆயுசு முடிஞ்சிருச்சி போல."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? அந்த ஆம்ப்ளிபயருக்கு என்ன கோளாறு என்று ஒரு மாதத்துக்கு முன்னாலேயே நான் சொல்லியிருந்தேன்.

எழுபதுகளில் ஜப்பானில் செய்த சாமான் அது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். வெள்ளி நிற முகப்பு, மரப்பெட்டி, பாட்டுக்கு ஏற்ப ஊசி ஆடும் இரண்டு மீட்டர்கள். எங்கள் எஸ்டேட் ஆபீஸில் பெரிய கிராணியாகக் கணக்கு வழக்கு பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு கோலாலம்பூருக்குப் போனபோது, சாமான் ஏற்றிய லோரியை ஓட்டியவர் என் கணவர். இடம் போதாமல் மிஞ்சியவற்றை "நீயே வச்சிக்கொள்" என்று அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் அது லயத்து வீட்டுக்கு வந்தது. பிறகு எங்களோடு கோல சிலாங்கூர் டவுன் வீட்டுக்கும் வந்தது. முப்பது ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் பாடியது.

புகை வந்ததற்கு முந்தின மாதந்தான் இடது பக்கம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பாட்டு மங்கிப் போகும். சத்தத்தைக் கூட்டினால் சட்டென்று திரும்பி வரும். குறைத்தால் மறுபடியும் மங்கும்.

"இது ரிலே" என்றேன் நான்.

ஆம்ப்ளிபயரைப் போட்டதும் நான்கைந்து வினாடி கழித்து 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கும். அதுதான் ரிலே. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அது ஸ்பீக்கரைச் சேர்த்துவிடும். ஏதாவது கெட்டுப்போனால் உடனே பிரித்துவிடும், ஸ்பீக்கர் தப்பித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் அதன் தொடுமுனைகள் கறுத்துப் போகும்போது மெல்லிய சத்தம் அதைத் தாண்டாது, பெரிய சத்தம் தள்ளிக்கொண்டு போய்விடும். எங்கள் பெட்டியில் நடந்தது அப்படியே அதுதான்.

இதை நான் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஒனக்கு எப்படி தெரியும்? கடையில காட்டிட்டு வரேன்."

இந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பத்தொன்பது ஆண்டுகள் ஷா ஆலாமில் ரேடியோப் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். விடிவதற்கு முன்பே எஸ்டேட் முகப்பில் பேக்டரி பஸ் வந்து நிற்கும். நாங்கள் பெண்கள் இருபது பேர் ஏறுவோம். முதல் மூன்று ஆண்டுகள் சர்க்யூட் பலகைகளில் சாமான் சொருகும் வேலை. அதற்குப் பிறகு என்னைத் திருத்தும் மேசையில் உட்கார வைத்தார்கள். பரிசோதனையில் தேறாத பலகைகள் எல்லாம் கூடை கூடையாக என்னிடம் வரும். ஏன் தேறவில்லை என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து, கெட்டதைப் பிடுங்கி, நல்லதை வைத்து, ஈயம் பற்றவைத்து அனுப்ப வேண்டும். சட்டையில் 'டெக்னீஷியன்' என்று எழுதியிருந்த ஆண்கள் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்குத் தெரியாதபோது என் மேசைக்கு வந்து நிற்பார்கள். தெரிந்துகொண்டு போய், தங்கள் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். தொழிற்சாலையை மூடியபோது எனக்குக் கொடுத்த சான்றிதழில் 'பொது உற்பத்தி ஆப்பரேட்டர்' என்று இருந்தது. சேர்ந்த நாளில் கொடுத்த அட்டையிலும் அதே வார்த்தைகள்தான். இடையில் போன பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அதனால் ஒருவர் என்னைப் பார்த்து "ஒனக்கு எப்படி தெரியும்" என்று சிரித்தால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். அதை என் கணவரே சொன்னால் இன்னும் அதிகமாகத் தைக்கும்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெராம் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். நாற்பது வயதுக்காரர் ஒருவர் நடத்தும் கடை. இரண்டு வாரம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. "பவர் டிரான்சிஸ்டர் ரெண்டும் ரோசாக்காம். மாத்திட்டாரு. உன் ரிலேல்லாம் ஒண்ணுமில்லையாம்" என்று கெட்டுப்போன சமாச்சாரத்தைக் கடைக்காரர் சொன்னபடியே சொன்னார். பாட்டு மங்குவது உண்மையிலேயே நின்றிருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒருவேளை நான்தான் தப்போ என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன்கூட. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

புகை வந்த அன்று மீனை அப்படியே ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

"கடைக்கே கொண்டு போயிடலாமே" என்றார் அவர்.

"தள்ளி நில்லுங்க" என்றேன்.

முதலில் கண்ணில் பட்டது ரிலேதான். அதன் கால்களுக்குக் குறுக்கே, பலகையின் அடியில், ஒரு சிவப்பு ஒயர். ஒரு விரல் நீளம். ஈயம் புதுசாகப் பளபளத்தது. ரிலேயே தேவையில்லாதபடி, உள்ளே வருவதை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒயர்.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்ன அதே கோளாறை அவரும் கண்டுபிடித்திருக்கிறார். புது ரிலே போடாமல் குறுக்கே ஒயர் இழுத்து அதை மறைத்துவிட்டு, "ரிலேல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஸ்பீக்கரைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார். அதனால்தான் உள்ளே ஏதோ கெட்டபோது மின்சாரம் முழுவதும் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து அதை எரித்தது.

அப்படியென்றால் டிரான்சிஸ்டரை ஏன் மாற்றினார்?

ஃபியூஸைக் கழற்றினேன். அதைச் சுற்றி சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாள். எரிந்து அறுந்து போக வேண்டிய ஃபியூஸ் அறுந்தே போகாதபடி சுற்றி வைத்திருந்தார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் இது நடந்திருந்தால் திரைச்சீலை பற்றியிருக்கும், அந்த மரப்பெட்டி பற்றியிருக்கும். வெள்ளித்தாளை விரித்து என் கணவரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள். முட்டை வடிவத் தகட்டின் மேல் இரும்பு மூடி கவிழ்த்தது போல இருக்கும். வலது பக்கத்தில் இருந்தவை பழையவை. மூடியின் மேல் தேய்ந்த எழுத்துகள், ஓரத்தில் நீல மையில் ஒரு பொட்டு. ஜோடி சேரும் சாமான்களைப் பிரித்து அடையாளத்துக்குப் பொட்டு வைப்பது எங்கள் பேக்டரியிலும் உண்டு. இடது பக்கத்தில் இருந்தவற்றில் பொட்டு இல்லை. எண் மட்டும் அதே எண், பளிச்சென்று நேற்று அச்சடித்தது போல.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்று முழுக்க ஷார்ட். அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் குறட்டால் இறுக்கிப் பிடித்து, இரும்பு அறுக்கும் வாளால் மூடியை அறுத்தேன். உள்ளே சிலிக்கான் துண்டு கடுகளவு இருந்தது. இந்த வகைக்கு என் சுண்டுவிரல் நகத்தில் பாதியாவது இருக்க வேண்டும். சின்ன ரேடியோவுக்குப் போதுமானதைப் பெரிய மூடிக்குள் வைத்து, மேலே பொய் எண் அச்சடித்து விற்கிற போலி.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. எங்கள் பழைய ஜோடி கெட்டுப் போகவே இல்லை. அந்த மாதிரி அசல் சாமான் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு விற்கத்தான் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை "ஜெராமுக்குப் போகணும், வண்டிய எடுங்க" என்றேன். அவர் எடுத்தார். கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "நா கார்லயே இருக்கேன். நீ போய் பேசிட்டு வா" என்றார். முதல் தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகத் தெரிந்தவர், இப்போது காரில் உட்கார்ந்திருந்தார். அதற்கும் சேர்த்து எரிச்சலோடுதான் கடைக்குள் நுழைந்தேன்.

கடையில் ஒரு மலாய்க்கார அம்மா ரைஸ் குக்கரை மேசை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"வாங்க ஆன்ட்டி. அங்கிள் வரலியா?"

"நான் வந்திருக்கேன். போதும்."

மேசையில் கண்ணாடி போட்ட தட்டு ஒன்று இருந்தது. உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் சாமான்கள். ஒரு பையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள், 'ஒரிஜினல்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. தேய்ந்த எழுத்து. ஓரத்தில் நீலப் பொட்டு.

கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்த வலது பக்க டிரான்சிஸ்டரை எடுத்து அந்தப் பைக்கு நேராகக் கண்ணாடி மேல் வைத்தேன்.

"இது எங்க வீட்டு சாமான். எடுங்க."

"என்னா ஆன்ட்டி, இந்த நம்பர்ல ஆயிரம் இருக்கு லா."

"நீலப் பொட்டு வெச்சது எத்தன இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. நான் அறுத்த டிரான்சிஸ்டரையும் பக்கத்தில் வைத்தேன்.

"இது நீங்க போட்டது. உள்ள பாருங்க."

"அது சப்ளையர் குடுத்தது. நா என்ன பண்ண முடியும்?"

"அப்ப ரிலேக்கு குறுக்க செகப்பு ஒயர் போட்டது? அதுவும் சப்ளையரா? ஃபியூஸ்ல வெள்ளித்தாள் சுத்துனது யாரு?"

அவர் ரைஸ் குக்கர் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாரு தெறந்து பாத்தா? எந்த கட ஆளு?"

"நான்தான்."

"சும்மா சொல்லாதீங்க ஆன்ட்டி. அங்கிள் தெறந்தாரா?"

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. திருட்டுகூட எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. கையில் ஆதாரத்தோடு எதிரே நிற்கிறேன், இன்னமும் வேறு ஒரு ஆளைத் தேடுகிறார்.

"தம்பி, நீங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலயே நான் இந்த வேலைய செஞ்சவ. ஒரு நாளைக்கு நாப்பது போர்டு பாத்து அனுப்புவேன். உங்க மீட்டர குடுங்க. உங்க முன்னாலயே அளந்து காட்டறேன். இந்த ரெண்டும் கெட்டதுன்னு மீட்டர் சொல்லிச்சின்னா நீங்களே வச்சிக்கோங்க."

அவர் கொடுக்கவில்லை. நான் என் பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். "அந்தப் பைய எடுங்க" என்றேன். எடுத்தார். பிரித்து, ஒவ்வொரு காலாக முனையை வைத்து அளந்தேன். மீட்டரைத் திருப்பி அவரிடம் காட்டினேன். இரண்டும் நல்ல நிலையில் இருந்தன.

"வீடு எரிஞ்சிருக்கும். தெரியுமா? ஸ்பீக்கர் எரிஞ்சிருச்சி. அது திரும்பி வராது."

எங்கள் பேச்சு தமிழில் நடந்தாலும் மேசை மேல் கிடந்தவற்றையும் அவர் முகத்தையும் பார்த்து அந்த மலாய்க்கார அம்மாவுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். "என்ன ஆச்சு?" என்று மலாயில் என்னிடம் கேட்டார். நல்ல சாமானை எடுத்துக்கொண்டு போலியைப் போட்டுவிட்டார் என்று நானும் மலாயில் சொன்னேன். அவர் தன் ரைஸ் குக்கரை இரண்டு கையாலும் தூக்கி அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எடுத்துட்டு போங்க. இனிமே இங்க வராதீங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் வரவில்லை.

காரில் ஏறியதும் கணவர் கேட்டார், "என்ன சொன்னாரு?"

"அங்கிள் வரலியான்னு கேட்டாரு."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

புது ரிலேயும், கருகிப்போன இரண்டு ரெசிஸ்டர்களுக்கும் அவற்றோடு சேர்ந்து போயிருந்த ஒரு சின்ன டிரான்சிஸ்டருக்கும் பதிலாகப் புதுசும் தபாலில் வந்து சேரப் பத்து நாள் ஆனது. அதற்குள் பழைய மஞ்சள் பல்பு ஒன்று தேடினேன். ரிப்பேர் செய்த பெட்டியை நேராக மின்சாரத்தில் போடக் கூடாது. நடுவில் அந்த பல்பை மாட்டிப் போட்டால், உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கும்போது பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பிக்கும். எல்லாக் கடையிலும் எல்.இ.டி. பல்புதான். கடைசியில் புக்கிட் ரோத்தானில் கோழித்தீவனம் விற்கும் கடையில் கிடைத்தது. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க இன்னமும் அதைத்தான் வாங்குகிறார்களாம்.

சிவப்பு ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். புது ரிலேயைப் பற்றவைத்தேன். எங்கள் டிரான்சிஸ்டர்களுக்கு அடியில் புது மைக்கா தாள் வைத்து, வெள்ளைப் பசை தடவி, பழைய இடத்தில் முடுக்கினேன். ஃபியூஸ் புதுசு. எனக்குக் கண் முன்பு மாதிரி இல்லை. இரண்டு கண்ணாடி மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஒரு காலில் ஈயம் வழிந்து பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டது. உறிஞ்சி எடுத்து மறுபடியும் வைத்தேன். பேக்டரியில் அப்படி ஒரு பலகை வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கணவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். "பாத்து. ஷாக் அடிச்சிரப் போவுது" என்றார்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்தது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, உள்ளே இருக்கும் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும் அளவில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். நான்காவதில் 'டக்' என்றது ரிலே.

பல்பைக் கழற்றிவிட்டு நேராக மாட்டி, இரண்டு பக்கமும் ஓடும் மின்சாரத்தை மீட்டரில் பார்த்துச் சமமாகத் திருகி வைத்தேன். அரை மணி நேரம் சூடாக விட்டு மறுபடியும் பார்த்தேன். எரிந்த ஸ்பீக்கருக்குப் பதிலாக வெளியூரில் இருக்கும் எங்கள் மகனின் அறையில் கிடந்த ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினோம். இரண்டு பக்கமும் பாடியது. ஒரு பக்கம் கனத்த குரல், மறுபக்கம் மூக்கடைத்த குரல். ஆம்ப்ளிபயரில் குறையில்லை. ஸ்பீக்கரை எரித்தது நானும் இல்லை.

அடுத்த வாரம் அவரோடு லோரி ஓட்டிய நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாட்டைக் கேட்டுவிட்டு, "சரியாயிருச்சா? எங்க குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"செஞ்சாச்சி லா" என்றார் என் கணவர்.

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு ஆம்ப்ளிபயரை அணைத்தேன்.

"யாரு செஞ்சா? அதயும் சொல்லுங்க."

நண்பர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இவதான்" என்றார்.

நண்பர் போன பிறகு நான் விடவில்லை. "கட்டிக்கிட்டு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சி. அந்த பேக்டரில நான் என்ன வேல செஞ்சேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"லைன்லதானே இருந்த" என்றார். அவருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பொய்யாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "எல்லாரும் சொருகற வேலைன்னுதானே சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"எல்லாரும் சொல்லுவாங்க. நான் சொன்னா சிரிப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சிரிச்சிருக்கக் கூடாது" என்றார் கடைசியில். "சரி, இப்ப சொல்லு. என்னதான் செஞ்ச?"

அன்றைக்கு எனக்குச் சொல்ல மனமில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து பத்தாங் காலியில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். ஈஜோக் தாண்டியதும் அவரே மறுபடியும் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். கூடை கூடையாக வந்த பலகைகளைச் சொன்னேன், கையெழுத்துப் போட்ட ஆண்களைச் சொன்னேன், சான்றிதழைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் வண்டி ஓட்டினார். "அந்தக் காயிதத்த எனக்கு காட்டவே இல்லையே" என்றார். காட்டியிருக்கிறேன். மேசை மேல் வைத்தேன், அவர் அதன் மேல் கார் சாவியை வைத்தார். அதையும் சொன்னேன். ரவாங் வந்தும் நான் முடிக்கவில்லை.

தங்கை வீட்டில் நுழைந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. "டிவி ஒரு வாரமா படமே வரல அண்ணே" என்றாள் அவள்.

"கவலப்படாத. அண்ணி பாத்துக்குவா. இவளுக்கு எல்லாம் தெரியும்" என்றார் என் கணவர், ஏதோ தானே கண்டுபிடித்த விஷயம் போல, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாழை இலை முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு நான் சாப்பிட வந்திருக்கேன்" என்றேன். "சோறு போடுங்க."